தட்டிப் பார்த்து வெட்டுங்கள்

அத்தியாயம் 4: பழைய ஜீப்பின் பாடியில் துருவேலை

முதலில் ஓர் ஒப்புதல். நான் வாங்கிய முதல் ஜீப்பு, ஒரு மகேந்திரா சிஜே3பி, பார்வைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. புதுப் பெயிண்ட், புதுத் தார்ப்பாய், தரை முழுக்க புது ரப்பர் மேட். ஐப்பசி மழை ஆரம்பித்து மூன்றாவது வாரம், கிளட்சை மிதித்தபோது என் குதிகால் தரையோடு கீழே இறங்கிவிட்டது. மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெயிண்டுக்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே தார். தாருக்குக் கீழே ரிவெட் அடித்து வைத்த ஒரு சோப்பு விளம்பரத் தகரம். அதில் குளிக்கிற பெண்ணின் பாதி முகம்கூட அழியாமல் இருந்தது. அதற்கும் கீழேதான் ஜீப்பின் தரை இருந்திருக்க வேண்டும். ஊறிய பிஸ்கட் மாதிரி பொடிந்த துரு மட்டுமே இருந்தது.

போடியில் ஒரு வயதான டிங்கரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். சுற்றி வந்தார், ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “தேங்கா வாங்கறப்ப தட்டிப் பாக்குறீக. பானை வாங்கறப்ப தட்டிப் பாக்குறீக. ஜீப்ப மட்டும் கண்ணால பாத்து வாங்கிட்டீகளே தம்பி” என்றார். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். துரு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பது குறைவு. அதைத் தேடிப் போய், நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். பூசி மெழுகினால் இரண்டு மழை தாங்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நம் மலையடிவாரங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிஜே வகை ஜீப்புகளை. மகேந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்து இங்கே பூட்டத் தொடங்கியது. உயரமான பானெட் கொண்ட சிஜே3பி அமெரிக்காவில் 1953-ல் வந்தது. தலையில் வால்வு வைத்த ஹரிக்கேன் இன்ஜின் உயரமாகப் போனதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த எடுப்பான மூஞ்சிக்குக் காரணம் அவ்வளவுதான். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே மூஞ்சியோடு வந்துகொண்டிருந்தது. தேனி, கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போன ஜீப்புகள் மலைமழையில் நனைந்து துருப்பிடித்தவை. 2017-ல் தார்ச்சாலை வரும்வரை தனுஷ்கோடி மணலில் கடல்நீரை மிதித்து ஓடிய வண்டிகளின் கதை வேறு. உப்பு தின்ற தகட்டில் கைவைக்க நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

புது பாடியே வாங்கிவிடலாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப்பு பாடிக்குப் பேர்போன ஊர். பணம் அனுப்பினால் லாரியில் வந்து இறங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2021-ல் வந்த விதித் திருத்தத்தின்படி 50 வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவு உங்கள் வண்டிக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் பழைய பாடியைக் காப்பாற்றுங்கள். பாதிக்கு மேல் நல்ல தகடு மிஞ்சியிருந்தால் காப்பாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

துரு ஒளியும் இடங்கள்

கதவில்லாத ஜீப்பின் பாடி ஒரு தொட்டி. மழைத்தண்ணீர் உள்ளே வரும், வெளியே போக வழி தேடும், கிடைக்காவிட்டால் உட்கார்ந்துவிடும். ஆகவே தண்ணீர் எங்கே உட்காரும் என்று யோசித்தால் துருவின் விலாசம் கிடைத்துவிடும்.

முதலில் ஓட்டுநரின் காலடி. ரப்பர் மேட்டும் சாக்கும் விரித்த தரை வெயிலிலும் காய்வதில்லை. அடுத்தது ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளம். அதில் சேறு ஒரு விரற்கடை சேர்ந்திருக்கும். பிறகு பேட்டரி வைத்த தட்டு, அமிலம் வழிந்து வழிந்து சல்லடையாகியிருக்கும். கண்ணாடி ஃபிரேமின் அடிப்பட்டை, பின்கதவின் மடித்த அடிவிளிம்பு, பின்சக்கரத்து மட்கார்டும் தரையும் சேரும் மூலை.

எல்லாவற்றிலும் மோசமானது தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள். தரைக்குப் பலம் தருபவை இவைதான். பாடியை சேஸியோடு பூட்டும் போல்ட்டும் இவற்றின் வழியாகத்தான் போகிறது. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இந்தச் சட்டத்துக்குள் மரக்கட்டையைச் செருகியிருந்தார்கள். மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், சட்டம் உள்ளிருந்து அழுகும். மரம் இல்லாத வண்டிகளில் அந்த வேலையைச் சேறு செய்கிறது. மேலே தரை நன்றாக இருப்பது போலத் தெரியும். கீழே சட்டம் தாளாகியிருக்கும்.

இன்னொன்று, இரண்டு தகடுகளை ஒட்டி ஸ்பாட் வெல்டு அடித்த இடங்கள். இடுக்கில் துரு ஏறினால் ஊதும், ஏனென்றால் தின்ற இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் கேட்கும். நேராக இருக்க வேண்டிய விளிம்பு சோளப்பொரி மாதிரி வெடித்து அலையலையாக நின்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தட்டிப் பார்க்கும் முறை

கையடக்கமான பந்துத்தலைச் சுத்தியல் ஒன்று, கூர் மழுங்கிய ஸ்குரூ டிரைவர் ஒன்று, சாக்பீஸ், ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் ஒன்று. ஸ்பீக்கர் காந்தம் வேண்டாம். அது பட்டி மேலிருந்தும் இரும்பைப் பிடித்துவிடும். பலவீனமான காந்தம்தான் உண்மை சொல்லும். அதை மெல்லிய துணியில் சுற்றி, பாடியின் மேல் நகர்த்துங்கள். எங்கே பிடி விட்டு நழுவுகிறதோ அங்கே பெயிண்டுக்கு அடியில் பட்டி இருக்கிறது. அந்த எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள்.

பிறகு சுத்தியல். ஓங்கி அடிக்காதீர்கள், கதவைத் தட்டுகிற அளவு போதும். முதலில் சந்தேகமே இல்லாத இடத்தில், டேஷ்போர்டின் நடுவில், தட்டிக் கேளுங்கள். ‘டங்’ என்று இழுத்து ஒலிக்கும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு தரைக்கு வாருங்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. ஓரிடத்தில் ‘டங்’ குறுகி ‘டக்’ ஆகும், அடுத்த தட்டில் ‘டொப்’. கூடவே அடியில் துருச்செதில் உதிரும் சரசரப்பு கேட்கும். ‘டொப்’ கேட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். குழி விழுந்தால் வட்டம் போடுங்கள். ஓட்டை விழுந்தால் பெருக்கல் குறி. மனம் கலங்காதீர்கள், அந்த ஓட்டை உங்களால் வந்ததல்ல.

இந்த வேலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். முடிந்ததும் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சாக்பீஸ் கோடுகள்தான் இனி உங்கள் வரைபடம். முதலில் நினைத்ததைவிடச் சேதம் இரண்டு மடங்கு இருக்கும். எனக்குத் தெரிந்து இதற்கு விலக்கு இருந்ததில்லை.

கழற்றலும் பாதுகாப்பும்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டைவிட்டே தள்ளி வையுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும். டேங்கில் ஓட்டை இருந்தால் அது வீட்டு வேலை அல்ல.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், மறுநாள் காலையும் ஒரு தடவை. அப்படியும் அசையாத நட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பினால் பல சமயம் வழிவிடும். விடாவிட்டால் கிரைண்டரால் வெட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய் போல்ட்டுக்காக ஒரு மணிநேரம் போராடி, கைமுட்டி தோலுரிந்தவர்களில் நானும் ஒருவன்.

லுங்கியும் நைலான் பனியனும் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். பருத்திப் பேன்ட், முழுக்கைச் சட்டை, தோல் செருப்பல்ல, ஷூ. வயர் பிரஷ் சுற்றும்போது அதன் கம்பிகள் ஊசி மாதிரி தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த தூள் பறக்கும்படி தேய்க்கக் கூடாது. தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், அல்லது பெயிண்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றமாக இருந்தால் கீழே தார்ப்பாய் விரித்து, வேலை முடிந்ததும் அப்படியே சுருட்டி எடுங்கள்.

வெட்டும் முன் குறுக்குக் கம்பி

முதல் தடவை செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஜீப்பு பாடியில் கதவுக்கான வெட்டு இரண்டு பக்கமும் ஆழமாக இறங்குகிறது. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையும் ஓரத்துக் குறுகிய பட்டையும் மட்டுமே. தரையை வெட்டி எடுத்துவிட்டால் தொட்டி அட்டைப்பெட்டி மாதிரி மடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விரல் அளவு மடங்கினாலே போதும். எல்லாம் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து, கண்ணாடி ஃபிரேமை வைக்கும்போது பூட்டு சேராது.

அதனால் வெட்டுவதற்கு முன் அளவெடுங்கள். வீடு கட்டும் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பது போலத்தான். முன் இடதுமூலையிலிருந்து பின் வலதுமூலைக்கு ஓர் அளவு, முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஓர் அளவு. இரண்டும் 2, 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் பாடி சதுரமாக இருக்கிறது. கதவு வெட்டின் மேல் அகலம், கீழ் அகலம், இரண்டு பக்கத்திலும் எடுங்கள். எண்களைக் காகிதத்தில் எழுதாதீர்கள், தொலைந்துவிடும். பாடியின் உள்பக்கத்திலேயே மார்க்கரால் எழுதுங்கள்.

பிறகு ஓர் அங்குலச் சதுரக் குழாயால் கதவு வெட்டின் குறுக்கே ஒரு கம்பி, பாடியின் குறுக்கே ஒரு கம்பி, மூலைக்கு மூலை ஒன்று என்று நான்கைந்து இடத்தில் பொட்டு வைத்துப் பற்றவையுங்கள். கடைசியில் கிரைண்டரால் எடுத்துவிடலாம். முடிந்தவரை தரைவேலையைப் பாடி சேஸி மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே செய்யுங்கள். சேஸியைவிட நல்ல அச்சு உங்களுக்குக் கிடைக்காது. அடிவேலைக்குத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஆறு பேர் போதும். பொங்கலுக்கு வந்த உறவினர்களை நான் அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டேன். தூக்குவதற்கு முன் ஸ்டியரிங் தண்டு, பெடல்கள், கியர் லீவர்கள், வயர் கட்டு, கைப்பிரேக் எல்லாம் விடுபட்டனவா என்று இன்னொரு ஆளைக் கீழே படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வயர் மறந்துபோயிருக்கும்.

வெட்டும்போது துருவின் ஓரத்தில் வெட்டாதீர்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளி, தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும் தகட்டில் வெட்டுங்கள். துரு தின்ற தகட்டின் ஓரம் தாள் போல மெலிந்திருக்கும், வெல்டிங் பொறி பட்டதும் உருகி ஓடும். ஓட்டையை அடைக்கப் போய் ஓட்டை பெருகும். சேஸியில் பொறித்த எண்ணுக்கும் பாடியில் ரிவெட் அடித்த தகட்டுக்கும் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே போகாதீர்கள். அந்த எண் அழிந்தால் நீங்கள் வைத்திருப்பது ஜீப்பு அல்ல, பழைய இரும்பு.

ஒட்டுத் தகடு

கடையில் ‘சி.ஆர். ஷீட்’ என்று கேளுங்கள். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், பாடிக்கும் தரைக்கும் பெரும்பாலும் இது சரி. குறுக்குச் சட்டங்களுக்கு 16 கேஜ், சுமார் 1.6. உங்கள் வண்டியில் நல்ல தகடு எந்தக் கனம் என்று வெட்டிய துண்டின் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்து கொண்டுபோவது இன்னும் உத்தமம். ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று கடைக்காரர் எடுத்துப் போடுவார். துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டவர் மாதிரி நடுங்கிக் கிடப்பீர்கள். வேண்டாம்.

நேரடியாகத் தகட்டில் வரையாதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். அந்தக் கெட்டி அட்டை வளையும், ஆனால் தொங்காது. ஓட்டையின் மேல் அட்டையை வைத்து, அடியிலிருந்து பென்சிலால் விளிம்பைக் கோடிழுத்து, கத்தரித்து, பொருந்தும்வரை சீவுங்கள். மடிப்பு வரவேண்டிய இடத்தில் அட்டையை மடித்தே பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் தகடு. ஒட்டுத் தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் வளையல் அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூர்மூலையில் சூடு தேங்கித் தகடு கோணும், பின்னாளில் விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

பழைய தரையில் நீளமான வரிப்பள்ளங்கள் அழுத்தியிருப்பார்கள். அழகுக்கு அல்ல. தட்டையான தகட்டைப் போட்டால் ஓடும்போது தவில் மாதிரி அதிரும். பெரிய ஒட்டு என்றால் வரி அழுத்திக் கொடுக்கும் பட்டறையைத் தேடுங்கள். சின்ன ஒட்டுக்கு, தேக்குக் கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன் மேல் தகட்டை வைத்து, மழுங்கிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். அவசரப்பட்டால் கிழியும்.

வெல்டிங்

கேட் அடிக்கிற பட்டறையில் பயன்படுத்தும் ராடு வெல்டிங் 1.2 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஒத்துவராது. பழகிய கைக்கு விதிவிலக்கு உண்டு, உங்களுக்கும் எனக்கும் இல்லை. பழைய டிங்கர்களின் கேஸ் வெல்டிங் ஒரு கலை, ஆனால் சூடு பரவித் தகடு அலை பாயும். அதைத் தட்டி நேராக்குவது அந்தக் கலையின் இரண்டாம் பாதி. வீட்டில் செய்பவருக்கு மிக் வெல்டிங்தான் வழி. 0.8 மில்லிமீட்டர் கம்பி, கார்பன் டை ஆக்சைடு அல்லது ஆர்கான் கலந்த வாயு. மெஷின் வாங்க மனமில்லாவிட்டால் வெட்டுவது, பொருத்துவது எல்லாம் நீங்களே செய்து முடித்து, எல்லா ஒட்டும் தயாரான ஒரே நாளில் வெல்டரை வீட்டுக்கு அழையுங்கள். அவருக்கும் அதுதான் வசதி.

தகட்டுக்கும் ஓட்டைக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி விடுங்கள். ஒன்றோடொன்று முட்டி நின்றால் சூட்டில் விரிய இடமில்லாமல் தகடு உப்பும். நான்கு மூலையிலும் ஒரு பொட்டு. பிறகு இந்தப் பக்கம் ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, நான்கு விரல் இடம் விட்டு இன்னொன்று. பூக்கட்டுகிறவர் மாதிரி வரிசையாகப் போகாதீர்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத் தள்ளித்தள்ளி வையுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கும் அளவு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. இரண்டடி நீளத்தை மூடிக்கட்ட ஒரு முழுக் காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். ஒரே மூச்சில் கோடிழுத்தவர்களின் தரையைப் பார்த்திருக்கிறேன், காய்ந்த அப்பளம்.

இடைவெளி பெரிதாகிவிட்டால் அடியில் ஒரு தடித்த செம்புத் துண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உருகிய இரும்பு செம்போடு ஒட்டாது, ஓட்டை நிரம்பும். வெல்டு ஆறும்போது தகட்டை உள்ளிழுக்கும். அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டையை வைத்து வெல்டின் மேலேயே சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் இழுத்தது விரியும், தகடு பழைய நிலைக்கு வரும். பிறகு ஃபிளாப் டிஸ்கால் மேடு மட்டும் போகும்படி தேயுங்கள். தேய்த்துத் தேய்த்துப் பக்கத்துத் தகட்டை மெலிய வைத்துவிடாதீர்கள்.

வெட்ட முடியாத துரு

எல்லாத் துருவையும் வெட்ட வேண்டியதில்லை. மேலாகப் பூத்த துருவை வயர் பிரஷால் எடுத்தபின் குழிகளுக்குள் செம்மை மிஞ்சும். அதற்குத்தான் துரு மாற்றி என்று கடையில் விற்கும் திரவம். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் டானின். டானின் நமக்குப் புதிதல்ல. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்பாகிறது. துருவில் பூசினால் பழுப்பு நிறம் சில மணி நேரத்தில் நீலக்கறுப்பாக மாறும். கறுக்காத இடத்தில் இன்னும் தடித்த துரு இருக்கிறது, திரும்பவும் பிரஷ் போடுங்கள். செதில் துருவின் மேல் எந்த மாற்றியைப் பூசினாலும் வீண்.

கீல், கொக்கி, பின்கதவுச் சங்கிலி போன்ற சின்னச் சாமான்களுக்கு மின்பகுப்பு அருமையான முறை. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புக் கம்பியிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் மூழ்கவிடுங்கள். ஓரிரவில் துரு கறுப்புச் சேறாகி, பிரஷ் பட்டதும் கழன்றுவிடும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வையுங்கள். அலுமினியச் சாமான் இதில் போட்டால் கரையும். ஸ்பிரிங்கையும் போடக்கூடாது, நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

பட்டியும் பெயிண்டும்

பட்டியை நான் முழுக்க வெறுப்பவன் அல்ல. சுத்தமான தகட்டில், எபாக்சி பிரைமருக்கு மேல், நகக்கனத்துக்குள் இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். ஓட்டையை மூடவோ பள்ளத்தைத் தூர்க்கவோ அதைக் கூப்பிடாதீர்கள்.

வெறும் இரும்பை நம் காற்றில் ஓரிரவு விட்டால் காலையில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும். தேய்த்த அன்றே, தின்னரால் துடைத்து, இரண்டு கலவை எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மாதக்கணக்கில் விட்டுவைப்பது நம் ஊர் வழக்கம். அதன் வழியாக ஈரம் இறங்கும். பிரைமர் காய்ந்ததும் இரண்டு தகடு சேரும் எல்லா இடுக்கிலும் சீம் சீலர் விடுங்கள். குறுக்குச் சட்டங்களுக்குள் துளை வழியாக மெழுகுக் கலவை பீய்ச்சுங்கள். அடியில் பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடும் பழக்கத்தையும் விடுங்கள். தூசி ஒட்டும், ரப்பர் புஷ்கள் ஊறிப்போகும்.

மேல் பெயிண்டுக்கு சிந்தெடிக் எனாமல் போதும், பிரஷால் அடித்தால்கூட ஜீப்புக்குப் பொருந்தும். இரண்டு கலவை பி.யூ. பெயிண்டின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது; சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு பெயிண்ட் பட்டறைதான் இடம். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஈரத்தில் அடித்த பெயிண்ட் சரியாகக் காயாது, பளபளப்பும் மங்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தில் எட்டுப் பேர் ராணுவப் பச்சைதான் கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. பச்சை டப்பாவை வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்திலும் அந்த நிறம் ஏறியாக வேண்டும்.

கடைசியாக, தரையில் தண்ணீர் வடியும் துளைகளை வெல்டிங்கிலோ சீலரிலோ அடைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரு குடம் தண்ணீரை ஓட்டுநர் காலடியில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் வடிந்து தரை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துளை போடுங்கள். ரப்பர் மேட்டை வண்டியில் திரும்பப் போடாதீர்கள்.